முதல் வளைவில் மோதல்: குற்றம் யாருடையது, தண்டனை எவ்வளவு?

வாசகர் கேள்வி:

செங்காங்கில் வசிக்கும் நான், சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கும் 22 நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவுதோறும் இணையவழி சிம் ரேசிங் (கணினியில் ஓட்டும் கார்ப் பந்தயம்) போட்டி நடத்தி வருகிறேன். சென்ற வாரம் இத்தாலியின் மோன்சா தடத்தில் ஜிடி3 வகைப் பந்தயக் கார்களுடன் 40 நிமிடப் பந்தயம். முதல் சுற்றில், முதல் ஷிகேனை (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகளை) நெருங்கும்போது மூன்றாம் இடத்தில் இருந்த நண்பர், நேர்ப்பாதையில் ஒருமுறை வலப்புறம் நகர்ந்து தடுத்துவிட்டு, மீண்டும் இடப்புறம் வந்து வளைவுக்குள் திரும்பினார். நான்காம் இடத்தில் வந்த என் மைத்துனர் தாமதமாகப் பிரேக் பிடித்து உட்புறமாக நுழைந்தார். நண்பர் திரும்பத் தொடங்கிய நேரத்தில், மைத்துனரின் முன்சக்கரம் நண்பரின் பின்சக்கரத்தை ஒட்டித்தான் இருந்தது. இரண்டு கார்களும் மோதின. நண்பர் சுழன்று பின்தங்கி 17ஆம் இடத்தில் முடித்தார். மைத்துனர் 6 விநாடி இடைவெளியில் வென்றார். நாங்கள் ஓட்டும் ஐரேசிங் மென்பொருள் இருவருக்கும் நான்கு நான்கு புள்ளிகள் போட்டது. "சமமான புள்ளி என்றால் சமமான தவறு" என்கிறார் மைத்துனர். நண்பர் இனிமேல் வரமாட்டேன் என்கிறார். எங்களிடம் எழுதிவைத்த விதிகள் எதுவும் இல்லை. குற்றம் யாருடையது? என்ன தண்டனை தருவது? அதை நான் தரலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. நீங்கள் தீர்ப்பளிக்கக் கூடாது. நீங்கள் நேர்மையற்றவர் என்று நான் கருதவில்லை. கேட்கப்படாத விவரங்களைக்கூட மறைக்காமல் எழுதியிருப்பதிலேயே உங்கள் நேர்மை தெரிகிறது. ஆனால் மைத்துனரைத் தண்டித்தால் வீட்டில் பேச்சு வரும், தண்டிக்காமல் விட்டால் 20 பேர் மனத்தில் ஐயம் நிற்கும். இரண்டில் எதைச் செய்தாலும் அந்தத் தீர்ப்பின் நியாயத்தைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள், உங்கள் உறவைப் பற்றியே பேசுவார்கள். இந்தப் பந்தயத்தில் அந்த மோதலோடு தொடர்பில்லாத மூவரை, முடிந்தால் உங்கள் குழுவுக்கு வெளியே வேறு போட்டி நடத்துபவர்களிடமிருந்து, நடுவர்களாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுடைய பந்தயத்தில் தகராறு வரும்போது நீங்கள் நடுவராக இருந்து அந்த உதவியைத் திருப்பிச் செய்யலாம். இணையவழிப் போட்டிகளில் நடுவராகப் பணியாற்றும் நான் இதுவரை பார்த்தவற்றில், சிறிய குழுக்களுக்கு இந்தக் கைமாற்று ஏற்பாடு போல் ஒத்துவந்தது வேறொன்றும் இல்லை.

இப்போது அந்த நான்கு புள்ளிகள். நம் ஊரில் 'புள்ளி' என்று சொன்னவுடன் போக்குவரத்துப் போலிஸ் போடும் குற்றப்புள்ளிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 24 மாதங்களுக்குள் 24 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் தற்காலிகமாகப் பறிபோகும், புதிய ஓட்டுநர் முதல் ஆண்டுக்குள் 13 புள்ளிகள் வாங்கினால் உரிமமே செல்லாமல் போய்விடும் என்பதை நாம் அறிவோம். அவை இன்னார் இன்ன தவறு செய்தார் என்று கண்டபின் போடப்படுபவை. ஐரேசிங் போடும் புள்ளிகள் அப்படிப்பட்டவை அல்ல. தடத்தை விட்டு வெளியே போனால் ஒன்று, கட்டுப்பாட்டை இழந்தால் இரண்டு, தார்ச்சாலைத் தடங்களில் இன்னொரு காருடன் பலமாக மோதினால் நான்கு என்று அது எண்ணிக்கொண்டே போகும். அடுத்தடுத்து நடப்பவற்றில் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். யார் இடித்தார், யார் இடிபட்டார் என்று அது பார்ப்பதே இல்லை. அந்த நிறுவனம் இதைத் தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறது. சில பத்து வளைவுகளை வைத்துப் பார்த்தால் அநியாயமாகத் தெரியும் அந்தக் கணக்கு, ஆயிரக்கணக்கான வளைவுகளுக்குப் பின், ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து விலகி ஓட்டுபவர் யார், எப்போதும் ஆபத்தின் நடுவிலேயே இருப்பவர் யார் என்பதை ஓரளவு சரியாகவே பிரித்துக் காட்டுகிறது. ஒருவர் யாருடன் ஓட்டலாம் என்று தரம் பிரிப்பதற்கு அது போதும். ஒரு குறிப்பிட்ட மோதலுக்குத் தீர்ப்பு எழுத அது உதவாது. ஆகவே உங்கள் மைத்துனரின் வாதம் அடிப்படையிலேயே தவறானது. மென்பொருள் அங்கே ஒரு மோதல் நடந்ததாகச் சொல்கிறது, அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் குழுவில் அதைச் 'சம்பவப் புள்ளி' என்று அழைக்கத் தொடங்குங்கள். பெயர் மாறினாலே பாதிச் சண்டை குறையும் என்று நம்புகிறேன்.

குற்றம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். பன்னாட்டு மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்ஐஏ தன் விளையாட்டுச் சட்டத்தொகுப்பின் பின்னிணைப்பு எல் பகுதியில் தடத்தில் ஓட்டும் ஒழுங்கை வகுத்திருக்கிறது. இணையவழிக் குழுக்கள் பெரும்பாலும் அதையே தழுவி விதி எழுதுகின்றன. நீங்களும் அதிலிருந்தே தொடங்கலாம். தன் இடத்தைக் காத்துக்கொள்ள ஒருவர் ஒருமுறைக்கு மேல் திசை மாறக் கூடாது என்கிறது அது. ஆனால் ரேசிங் லைனை, அதாவது வளைவை வேகமாகக் கடக்க உதவும் இயல்பான பாதையை, விட்டு விலகித் தடுத்தவர், வளைவை நெருங்கும்போது அந்த லைனை நோக்கித் திரும்பி வரலாம். அப்படி வரும்போது தன் காருக்கும் தடத்தின் விளிம்புக்கும் இடையே ஒரு காரின் அகலமாவது விட்டுவைக்க வேண்டும். உங்கள் நண்பர் வலப்புறம் போனது தடுப்பு, இடப்புறம் வந்தது ரேசிங் லைனுக்குத் திரும்பியது. மோன்சாவின் முதல் ஷிகேன் வலப்புறமாகத் திரும்பி உடனே இடப்புறமாகத் திரும்புவது. அதற்குள் இடப்புறமிருந்து நுழைவதே இயல்பான பாதை. ஆகவே அவர் பிரேக் பிடிப்பதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டிருந்தால், விதியை மீறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் கதை வேறு, அதை நடுவர்கள் ரீப்ளேயில் கட்டாயம் பார்க்க வேண்டும். பின்னால் வருபவர் தன் பிரேக் புள்ளியை முன்னால் இருப்பவரின் பாதையை வைத்தே முடிவு செய்கிறார். அந்தப் பாதை கடைசி நேரத்தில் மாறினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, உட்புறம் நுழைபவருக்கு இடம் கேட்கும் உரிமை எப்போது பிறக்கிறது என்பது. உங்கள் மைத்துனர் 'என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அது போதுமே' என்று வாதாடக்கூடும். அந்த வாதத்துக்கு ஒரு வேர் உண்டு. நேர்ப்பாதையில், முந்த வருபவரின் முன்பகுதி முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை எட்டிவிட்டாலே அவரைத் தடத்துக்கு வெளியே நெருக்கக் கூடாது என்று எஃப் 1 (ஃபார்முலா 1) விதிகளில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது நேர்ப்பாதைக்கான அளவு. வளைவுக்கான அளவு அதைவிடக் கடுமையானது. எஃப்ஐஏ 2025இல் வெளியிட்ட எஃப் 1 ஓட்டுமுறை வழிகாட்டுதலின்படி, உட்புறமாக முந்துபவரின் முன் அச்சு, நாம் ஏபெக்ஸ் என்று சொல்லும் உள்முனைக்கு முன்பும் அந்த முனையிலும், மற்றவர் காரின் பக்கக் கண்ணாடிக்கு இணையாகவாவது இருக்க வேண்டும். அதோடு நுழைவிலிருந்து ஏபெக்ஸ் வரை கார் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், திடீரெனப் பாய்ந்து நுழைந்ததாக இருக்கக் கூடாது, தட எல்லைக்குள்ளேயே வளைவை முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நாம் 'டைவ் பாம்' என்று அழைப்பதைத்தான் அந்த வாசகம் விலக்குகிறது. அது வழிகாட்டுதலே ஒழிய, நடுவர்களைக் கட்டிப்போடும் விதி அன்று. ஆனாலும் நல்ல அளவுகோல். முன்னால் செல்பவர் உள்ளே திரும்பத் தொடங்கும் கணத்தில் ரீப்ளேயை நிறுத்தி, மேலிருந்து பார்க்கும் கேமராவில் அந்த அச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதுபோல் அது பின்சக்கரத்தை ஒட்டியே இருந்தால், வளைவு உங்கள் நண்பருடையது. பெரும்பங்கு தவறு உங்கள் மைத்துனருடையது.

இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனெனில் நான் ரீப்ளேயைப் பார்க்கவில்லை. அதிலும் இணையவழிப் பந்தயத்தில் ஒரு ரீப்ளேயைப் பார்த்தால் போதாது என்பதை நான் கடினமான வழியில் கற்றேன். இந்தப் பணிக்கு வந்த தொடக்கத்தில், புகார் கொடுத்தவர் அனுப்பிய பதிவை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைத் தண்டித்தேன். இரண்டு நாள் கழித்து தண்டனை பெற்றவர் தன் கணினியில் இருந்த பதிவை அனுப்பினார். அதில் இரு கார்களுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது, அவர் இடிக்கவே இல்லை. தண்டனையை நீக்கி மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அந்த ஓட்டுநர் எங்கள் போட்டிக்குத் திரும்பி வரவில்லை.

அது எப்படி நடக்கிறது என்பதை விளக்குவது அவசியம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 55 மீட்டரைக் கடக்கிறது. சர்வர் வழியாக உங்களுக்கு இன்னொருவரின் இருப்பிடம் வந்துசேர 100 மில்லி விநாடி ஆனால், அதற்குள் அவர் 5 மீட்டருக்கு மேல், அதாவது ஒரு ஜிடி3 காரின் நீளத்துக்கும் மேல், போய்விட்டிருப்பார். ஆகவே உங்கள் கணினி, பழைய தகவலை வைத்து அவர் இப்போது எங்கே இருப்பார் என்று ஊகித்து அங்கே அவரை வரைகிறது. அவர் அதே வேகத்தில் அதே திசையில் போய்க்கொண்டிருக்கும்வரை அந்த ஊகம் சரியாகவே இருக்கும். அவர் திடீரெனப் பிரேக் பிடித்தால்தான் பிழை பிறக்கிறது. விநாடிக்கு விநாடி 20 மீட்டர் வீதம் வேகம் குறையும் கடுமையான பிரேக்கில்கூட, 100 மில்லி விநாடித் தாமதத்தில் பிழை 10 சென்டிமீட்டர்தான். தாமதம் 300 மில்லி விநாடியாக உயர்ந்தால் அது 90 சென்டிமீட்டர் ஆகிவிடும், ஏனெனில் பிழை தாமதத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இருக்கும் உங்களுக்கு இடையே தூரம் சொற்பம். ஆனால் பந்தய சர்வர் ஐரோப்பாவில் இருந்தால், கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 100 மில்லி விநாடி பிடிக்கும். அதற்குமேல் ஒருவர் வீட்டு வைஃபை தடுமாறினால் மேற்சொன்ன பிழைகள் உண்மையாகவே வரும். அருகில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுங்கள், எல்லோரையும் கேபிள் வழியாக இணையச் சொல்லுங்கள். இரு ஓட்டுநர்களின் பதிவுகளையும் கேட்டு வாங்கி அருகருகே பாருங்கள். ஒன்றில் மோதலும் மற்றதில் இடைவெளியும் தெரிந்தால், அது யாருடைய குற்றமும் அன்று. இரண்டிலும் மோதல் தெரிந்தால் வலையமைப்பைக் காரணம் காட்ட முடியாது.

இனி தண்டனை. உங்கள் நண்பர் பெற்ற இழப்பையும் மைத்துனர் பெற்ற வெற்றியையும் சேர்த்துப் பார்த்து, அதற்கு ஈடான தண்டனை வேண்டும் என்று குழுவில் பலர் கேட்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விளைவை வைத்துத் தண்டனை அளந்தால், அதே தவறைச் செய்து நற்பேறாக யாரையும் சுழலவைக்காமல் தப்பியவர் தண்டனையின்றிப் போவார். நடுவர் அளக்க வேண்டியது செயலை. 2021ஆம் ஆண்டு பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் நடந்த எஃப் 1 பந்தயத்தில், முதல் சுற்றில் லூயிஸ் ஹாமில்டனும் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் காப்ஸ் வளைவில் மோதினார்கள். வெர்ஸ்டாப்பன் 51 ஜி (புவியீர்ப்பைப் போல் 51 மடங்கு) விசையில் தடுப்பில் இடித்துப் பந்தயத்தை இழந்தார். பெரும்பங்கு தவறு ஹாமில்டனுடையது என்று கண்ட நடுவர்கள் அவருக்கு 10 விநாடித் தண்டனை கொடுத்தார்கள். அவர் அதை அனுபவித்தபின்னும் பந்தயத்தை வென்றார். உங்கள் வெள்ளிக்கிழமை இரவுக்கு எவ்வளவு நெருக்கமான நிகழ்வு என்று பாருங்கள். அந்தத் தண்டனை போதாது என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனாலும் எந்தத் தவறுக்கு எவ்வளவு என்பது பந்தயத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் மருத்துவமனைக்குப் போனார் என்பதற்காக அது கூடக் கூடாது என்ற கொள்கையில் நான் அந்த நடுவர்கள் பக்கம் நிற்கிறேன்.

உங்களிடம் எழுதிய விதிகளே இல்லை என்பது இங்கே பெரிய தடை. நடந்து முடிந்த ஒன்றுக்கு இன்று விதி எழுதி அதன்படி ஒருவரைத் தடைசெய்வது நியாயமாகாது. அதற்காக ஒன்றும் செய்யாமல் விடவும் வேண்டாம். முன்னால் செல்பவரை இடித்து இடம் பிடிக்கக் கூடாது என்பது எந்தப் பந்தயத்திலும் எழுதாமலே எல்லோரும் அறிந்தது. மூன்று நடுவர்களும் நான் ஊகித்ததுபோலவே கண்டால், மைத்துனரின் பந்தய நேரத்தில் 10 விநாடி கூட்டுவது பொருத்தம் என்பது என் கருத்து. 6 விநாடியில் வென்றவர் வெற்றியை இழப்பார். அதற்குமேல் போக வேண்டாம். உங்கள் நண்பருக்கு இழந்த இடத்தைத் திருப்பித் தர எந்த வழியும் இல்லை, கற்பனையாக அவருக்கு மூன்றாம் இடத்துப் புள்ளிகளைக் கொடுக்கவும் கூடாது, ஏனெனில் 39 நிமிடப் பந்தயம் மீதமிருக்கும்போது அவர் எங்கே முடித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அவரிடம் நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள், குழுவில் எழுதாதீர்கள்.

அடுத்த வாரத்துக்கு விதி எழுதும்போது சிலவற்றில் நான் எஃப் 1 வழக்கத்திலிருந்து விலகியே ஆலோசனை சொல்வேன். அங்கே முதல் சுற்றுக் குழப்பத்துக்கு நடுவர்கள் சற்றுத் தளர்வு காட்டுவது வழக்கம். இணையவழியில் முதல் சுற்றில் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்பேன். உண்மைக் காரை ஓட்டுபவருக்கு உடல்வலியும் பழுதுச் செலவும் தரும் அச்சம், வீட்டில் நாற்காலியில் அமர்ந்து ஓட்டுபவருக்கு இல்லை. 22 கார்கள் குளிர்ந்த டயர்களுடன் அதிவேகத்திலிருந்து ஒரே குறுகிய ஷிகேனுக்கு இறங்கும்போது, அந்த அச்சத்தின் இடத்தை விதிதான் நிரப்ப வேண்டும். இடித்துவிட்டவர் உடனே பாதுகாப்பாக வேகம் குறைத்து, இடிபட்டவர் முன்னே போகும்வரை காத்திருந்து இடத்தைத் திருப்பிக் கொடுத்தால், தண்டனையைப் பாதியாகவோ முழுமையாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்பதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மைத்துனர் அன்று அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

நேரத் தண்டனை மட்டும் போதாது. 30 விநாடி முன்னிலையில் ஓடுபவரை 10 விநாடி ஒன்றும் செய்யாது. ஆகவே பந்தயம் தாண்டியும் தொடரும் தண்டப் புள்ளிகளை வையுங்கள். எஃப் 1இல் 12 மாதங்களுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. 2024இல் மோன்சாவுக்குப் பின் கெவின் மேக்னுசன் அந்த எல்லையை எட்டி, அடுத்து பாகுவில் நடந்த பந்தயத்தில் ஓட்ட முடியாமல் போனது. உங்களைப் போன்ற குழுவுக்கு, குறிப்பிட்ட புள்ளி சேர்ந்தால் அடுத்த வாரம் பிட் லேனிலிருந்து (தடத்தை ஒட்டிய பழுதுபார்ப்புப் பாதையிலிருந்து) தொடங்குதல், மேலும் சேர்ந்தால் ஒரு வாரத் தடை என்று இரண்டு படிகள் போதும். நம் சாலை முறையிலிருந்தும் இரண்டு கடன் வாங்கலாம்: புதிதாகச் சேர்பவருக்கு முதல் சில வாரங்கள் குறைந்த எல்லை, தொடர்ந்து தவறின்றி ஓட்டுபவருக்குப் பழைய புள்ளிகள் அழிதல்.

பழிவாங்கலை மட்டும் இந்தப் படிக்கட்டில் வைக்காதீர்கள். 2020 மே மாதம், கொரோனா முடக்கக் காலத்தில் அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத் தொடர் ஓட்டுநர்கள் ஐரேசிங்கில் ஓட்டிய பந்தயத்தில், முன்னணியில் இருந்த எஃப் 1 ஓட்டுநர் லேண்டோ நோரிஸுக்கு முன்னால் சைமன் பஜனோ வேண்டுமென்றே தன் காரை மெதுவாக்க, நோரிஸ் அதில் மோதினார். உலகத் தரமான தொழில்முறை ஓட்டுநர்களே திரைக்கு முன் அமர்ந்ததும் அப்படி மாறிவிடுகிறார்கள் என்றால், நம் நண்பர்கள் மாறமாட்டார்கள் என்று நம்பி இருக்க முடியாது. வேண்டுமென்றே இடித்ததாக இரு பதிவுகளிலும் தெளிவாகத் தெரிந்தால் புள்ளிக் கணக்கே வேண்டாம், நேராகத் தடை.

நடைமுறையில் கொஞ்சம் நிதானம் தேவை. பந்தயம் முடிந்த இரவில் புகார் வாங்காதீர்கள். மறுநாள் மாலைவரை கொடுக்கலாம் என்று வையுங்கள். புகாரில் சுற்று எண், வளைவு, பதிவின் நேரம் ஆகியவை இருக்க வேண்டும், மற்றவர் எப்படிப்பட்டவர் என்ற வர்ணனை இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் பதில் எழுதிய பிறகே நடுவர்கள் கலந்து பேச வேண்டும். தீர்ப்பில் எந்த விதி, பதிவில் என்ன கண்டோம், ஆகவே எவ்வளவு என்று மூன்று நான்கு வரிகள் எழுதி எல்லோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். காரணம் எழுதாத தீர்ப்பை, சரியாக இருந்தாலும், யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

இந்த வெள்ளிக்கிழமைக்குள் முழு விதிநூல் எழுத முடியாது என்று தயங்க வேண்டாம். தடுக்க ஒரு நகர்வு, உட்புறம் நுழைய அச்சு கண்ணாடிக்கு இணை, இடித்தால் இடத்தைத் திருப்பிக் கொடு, வெளியே போனவர் பாதுகாப்பாகத் திரும்பு என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, தகுதிச்சுற்றுக்கு முன் குரல் இணைப்பில் நீங்களே வாசித்துவிடுங்கள், மூன்று நிமிடம் ஆகும். வாசிக்கும்போது உங்கள் மைத்துனரும் அந்த நண்பரும் இணைப்பில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் வரவில்லை என்றால், அந்தப் பக்கத்தை அவருக்குத் தனியே அனுப்பிவையுங்கள்.